இமயக் காடுகளின் ஜுஜுரானா

இந்தியாவின் தேசியப் பறவையான மயிலும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அதிகாலையில் கூவும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியும் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் ‘பெசன்ட்’ என்று வழங்கப்படும் இப்பிரிவில் உலகெங்கும் ஏறத்தாழ 50 இனங்கள் உள்ளன. அவற்றுள் 17 இனங்கள் இந்தியாவில் வாழ்கின்றன. தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் செம்போத்தை ஆங்கிலேயர் ‘காக்கைப் பெசன்ட்’ என்று அழைத்ததுண்டு. எனினும் அது குயில் வகையைச் சேர்ந்ததே, பெசன்ட் அன்று.

இந்தியப் பெசன்ட்டுகளில் பெரும்பாலானவை இமயமலைச் சரிவுகளிலும் வடகிழக்கு மலைகளிலும் வாழ்பவை. அவற்றுள் மிக அரியதாகவும், மனிதர் கண்ணில் எளிதில் படாததாகவும் விளங்குவது மேற்கு டிராகோபன் என்னும் பறவையாகும். இமாசலப் பிரதேச மக்கள் இதனை ‘ஜுஜுரானா’ என்று அழைக்கின்றனர். பறவைகளின் அரசன் என்பது இதன் பொருள். இறைவன் எல்லாப் பறவைகளிடமிருந்தும் அழகிய இறகுகளைப் பெற்று, அவற்றைக் கொண்டு இப்பறவையைப் படைத்தான் என்பது அம்மலைகளில் வழங்கும் கதை.

இந்த அரசனின் ஆட்சிப் பரப்பு இன்று மிகச் சுருங்கிவிட்டது. உலகில் எஞ்சியுள்ள மேற்கு டிராகோபன்கள் சில ஆயிரங்களே எனக் கணிக்கப்படுகிறது. இதன் வாழ்வுக்குத் தேவையான காடும், மலைவாழ் மக்கள் பிழைப்புக்காக நாடிச் செல்லும் காடும் ஒன்றேயாக இருப்பதே இப்பறவையைப் பாதுகாப்பதில் உள்ள முதன்மையான சிக்கலாகும்.

தோற்றமும் பெயரும்

டிராகோபன் வகையில் மொத்தம் 5 இனங்கள் உள்ளன. சீனாவில் மட்டுமே வாழும் ஓர் இனம் நீங்கலாக ஏனைய 4 இனங்களும் இந்தியாவில் காணப்படுகின்றன. ஆண் பறவையின் தலையில் கொம்பு போன்ற இரு சதைக் குமிழ்கள் உண்டு. இதனால் இவ்வகைக்குக் ‘கொம்புடைய பெசன்ட்’ என்ற பெயரும் வழங்குகிறது. ஆட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், ஆட்டுக் கொம்புகளுடன் சித்திரிக்கப்படும் ‘பான்’ என்னும் கிரேக்கக் காட்டுத் தெய்வத்தின் பெயரையும் இணைத்து உண்டானதே டிராகோபன் என்னும் சொல்லாகும்.

மேற்கு டிராகோபனின் ஆணுக்குத் தலை கருமை நிறம், முகத்தின் வெற்றுத் தோல் செந்நிறம், தொண்டை நீலம். கழுத்தின் பின்புறம் ஆழ்ந்த சிவப்பாகவும், முன்கழுத்து செம்மஞ்சள் ஒளியுடனும் திகழும். கருமையும் சாம்பலும் கலந்த உடல் முழுவதும் வெண்ணிறப் புள்ளிகள் நட்சத்திரங்களைத் தூவியதுபோல் பரவியிருக்கும். ஆணின் எடை ஏறத்தாழ 2 கிலோகிராம். பெண் பறவை அதனிலும் சிறியது. எடை ஏறத்தாழ 1.3 கிலோகிராம். அதன் நிறம் சருகுகளோடு கலந்துவிடும் மங்கிய பழுப்பு. அடைகாக்கும் காலத்தில் இந்நிறமே அதற்குக் காப்பாக அமைகிறது.

இணை சேரும் பருவத்தில் ஆண் பறவை நிகழ்த்தும் காட்சி வியப்பூட்டுவது. பாறை அல்லது விழுந்த மரத்தின் பின்னே அது பாதி மறைந்து நிற்கும். பின்னர் தலையை அசைத்துச் சிறகுகளை அடித்துக்கொள்ளும். அப்போது தலைக் கொம்புகள் நிமிர்ந்தெழும். தொண்டையின் கீழ் மடிந்து கிடந்த தோல், ஊதாவும் இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த அகன்ற மார்புப் பட்டையாக விரியும். சில விநாடிகளே நீடிக்கும் இக்காட்சி முடிந்ததும் அத்தோல் மீண்டும் சுருங்கி இறகுகளுக்குள் மறைந்துவிடும்.

ஒரு குறுகிய காட்டுப் பட்டை

இமயமலையில் உயரத்துக்கு ஏற்பக் காடு மாறுகிறது; காட்டுக்கு ஏற்பப் பறவையும் மாறுகிறது. கீழ்ச் சரிவுகளிலும் ஊர்களை அடுத்த புதர்க் காடுகளிலும் காலிஜ் பெசன்ட் வாழ்கிறது. புல் மண்டிய செங்குத்துச் சரிவுகள் சீர் பெசன்ட்டுக்கு உரியவை. நடுத்தர உயரத்தில் உள்ள ஊசியிலைக் காடுகளில் கோக்ளாஸ் பெசன்ட் காணப்படுகிறது. மர எல்லையை ஒட்டிய மலைப் புல்வெளிகளில் மோனால் மேய்கிறது. இவற்றுக்கிடையே, கோடையில் 2,400 மீட்டர் முதல் 3,600 மீட்டர் வரை உயரமுள்ள அடர்ந்த காட்டுப் பகுதியே மேற்கு டிராகோபனின் இருப்பிடம்.

இப்பட்டையிலும் எல்லாக் காடும் இதற்கு ஏற்றதன்று. மேலே ஃபிர், ஸ்புரூஸ், ஓக் ஆகிய முதிர்ந்த மரங்கள் நிழல் தர வேண்டும். கீழே ‘ரிங்கால்’ எனப்படும் மெல்லிய மலைமூங்கிலும் புதர்களும் அடர்ந்திருக்க வேண்டும். இலைகள், இளந்தளிர்கள், ஓக் கொட்டைகள், கனிகள், விதைகள், சிறு பூச்சிகள் ஆகியவை இப்பறவையின் உணவு. தரையில் நடந்து மேயும் பறவையாதலின், ஆபத்து நேரும்போது ஓடி ஒளியப் புதர் இன்றியமையாதது. மேல்மரங்கள் நின்று அடிப்புதர் அழிந்துபோன காடு, தொலைவிலிருந்து பார்ப்பவர்க்குப் பசுமையாகவே தோன்றும். ஆனால் அங்கு டிராகோபன் தங்காது. காட்டின் பரப்பளவை மட்டும் அளந்து இப்பறவையின் நிலையை மதிப்பிட இயலாமைக்கு இதுவே காரணம்.

பாகிஸ்தானின் கோகிஸ்தான் பகுதியில் தொடங்கி, காஷ்மீர், கிஷ்த்வார், சம்பா, குலு வழியாக உத்தரகண்டத்தின் மேற்குப் பகுதி வரை இப்பறவை ஆங்காங்கே காணப்படுகிறது. அதற்குக் கிழக்கே இதன் இடத்தைச் செந்நிற டிராகோபன் என்னும் உறவினம் பெற்றுவிடுகிறது. கோகிஸ்தானின் பாலஸ் பள்ளத்தாக்கு, இந்தியாவின் பெரிய இமாலய தேசியப் பூங்கா ஆகியவை இதன் முக்கியப் புகலிடங்கள். இடையிடையே ஆறுகளாலும், சாலைகளாலும், வயல்களாலும், வெட்டப்பட்ட காடுகளாலும் வாழிடம் துண்டுபட்டுள்ளது. நெடுந்தொலைவு பறக்காத இப்பறவை ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது கடினம். சிறு கூட்டமொன்று தனித்து நின்றுவிடுமாயின், ஒரு கடும் பனிக்காலமோ ஒரு நோயோ அதனை அழித்துவிடக் கூடும்.

பறவையின் ஓராண்டு

பனிக்காலத்தில் மேல்காடு வெண்பனியால் மூடப்படுகையில் டிராகோபன்கள் கீழிறங்கி வருகின்றன. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் வரை உள்ள அடர்ந்த சரிவுகளில் அவை குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஊர்களுக்கு அண்மையில் அவை வரும் காலம் இதுவே. பனியில் பதியும் காலடித் தடங்களைக் கொண்டு அவற்றின் வழியை அறிந்து கண்ணி வைப்பதும் இக்காலத்தில் எளிது.

பனி உருகத் தொடங்கியதும் பறவைகள் மீண்டும் மேலேறுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலையில் ஆண் பறவையின் குரல் காட்டில் ஒலிக்கிறது. வழி தவறிய ஆட்டுக்குட்டியின் கதறலைப் போன்றும், குழந்தையின் அழுகையைப் போன்றும் அக்குரல் இருக்கும். ஒவ்வோர் ஆணும் தனக்குரிய எல்லையைப் பிற ஆண்களுக்கு அறிவிப்பதும், பெண்ணை அழைப்பதும் இக்குரல் மூலமே. ஆண்டின் பிற மாதங்களில் அவை பெரும்பாலும் மௌனமாகவே இருக்கின்றன.

பெசன்ட்டுகளில் பெரும்பாலானவை தரையில் முட்டையிடுபவை. டிராகோபன்களோ மரங்களில் கூடமைக்கின்றன. மே, ஜூன் மாதங்களில் பெண் பறவை 3 முதல் 6 முட்டைகள் வரை இடும். ஏறத்தாழ 28 நாட்கள் பெண் மட்டுமே அடைகாக்கும். குஞ்சுகள் வளர்ந்த சிறகுகளுடனேயே முட்டையிலிருந்து வெளிவருகின்றன. சில நாட்களிலேயே தாழ்ந்த கிளைகளுக்குப் பறந்து ஏறவும் அவற்றால் இயலும். முட்டைகளைக் கவரும் காக்கை இனங்கள், மரமேற வல்ல மார்ட்டன் முதலிய இயற்கைப் பகைகள் பல உண்டு. எனினும் பல நூற்றாண்டுகளாக அவற்றுக்கு ஈடுகொடுத்தே இப்பறவை வாழ்ந்து வந்துள்ளது. அடைகாக்கும் பெண் மீண்டும் மீண்டும் கூட்டை விட்டு விரட்டப்படும் நிலையைத்தான் அதனால் தாங்க இயலாது.

மக்களின் ஓராண்டு

பறவையின் நாட்காட்டிக்கு அருகில் மலைவாழ் மக்களின் நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் சிக்கலின் தன்மை விளங்கும்.

பனி உருகும் அதே வாரங்களில்தான் காட்டுத் தரையில் ‘குச்சீ’ எனப்படும் காளான் முளைக்கிறது. தேன்கூடு போன்ற தொப்பியையுடைய இக்காளான் உலர்ந்த நிலையில் கிலோ ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் பெறுவது. நிலம் குறைந்த ஒரு குடும்பத்துக்கு, ஆண்டின் ரொக்க வருவாயில் குறிப்பிடத்தக்க பங்கு இதிலிருந்தே கிடைப்பதுண்டு. எனவே ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் காலை முதல் மாலை வரை காட்டின் அடிப்புதரை அங்குலம் அங்குலமாகத் தேடிச் செல்கின்றனர். அப்போது டிராகோபன் இணை சேர்ந்து கூடமைக்கும் பருவம் நடந்துகொண்டிருக்கிறது.

கோடை தொடங்கியதும் ஆட்டிடையர்கள் தம் மந்தைகளை ஓட்டிக்கொண்டு இக்காடுகளின் வழியே மலைப் புல்வெளிகளுக்கு ஏறுகின்றனர். மந்தை நீண்ட நாட்கள் தங்கும் இடங்களில் புதரும் மரக்கன்றுகளும் மேயப்படுகின்றன. காவல் நாய்கள் தரைப்பறவைகளை விரட்டுகின்றன. அவர்களைத் தொடர்ந்து மூலிகை சேகரிப்போர் வருகின்றனர். கூடை முடைவதற்கும் பந்தல் கட்டுவதற்கும் ரிங்கால் மூங்கில் வெட்டப்படுகிறது. கால்நடைத் தீவனத்துக்காக ஓக் மரத்தின் கிளைகள் கழிக்கப்படுகின்றன.

இச்செயல்களுள் எதுவும் புதியதன்று. எதுவும் பறவையை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படுவதும் அன்று. முன்பு வீட்டுத் தேவைக்காக நடைபெற்ற சேகரிப்பு, தொலைதூரச் சந்தைகளின் தேவைக்கு ஏற்பப் பெருகியபோதுதான் சுமை கூடியது. சாலைகளும் நீர்மின் திட்டங்களும் உட்பள்ளத்தாக்குகளை எட்டியபோது வாழிடம் மேலும் துண்டுபட்டது. புவி வெப்பமடைவதால் பனிப்பொழிவின் தன்மையும் காட்டின் மேலெல்லையும் மாறுமாயின், மலைமுகட்டை நோக்கி நெருக்கப்படும் இக்குறுகிய பட்டைக்கு மேலே ஒதுங்க இடமிராது.

சட்டமும் பூங்காவும்

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மேற்கு டிராகோபனை முதல் அட்டவணையில் சேர்த்து, உயர்ந்த பாதுகாப்பை அளித்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதல் இணைப்பிலும் இது இடம்பெற்றுள்ளது. 2007-ஆம் ஆண்டில் இமாசலப் பிரதேச அரசு, மோனாலுக்குப் பதிலாக ஜுஜுரானாவை மாநிலப் பறவையாக அறிவித்தது.

குலு மாவட்டத்தில் 754.4 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள பெரிய இமாலய தேசியப் பூங்காவே இந்தியாவில் இப்பறவையின் தலையாய காப்பிடமாகும். 1984-இல் இதற்கான முதல் அறிவிக்கை வெளியிடப்பட்டது. மக்களின் மேய்ச்சல் உரிமை, சேகரிப்பு உரிமை ஆகியவை ஆராயப்பட்டு, 1999-இல் இறுதி அறிவிக்கை வெளியாயிற்று. 2014-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது.

இறுதி அறிவிக்கையோடு பூங்காவினுள் மேய்ச்சலும் மூலிகை, காளான் சேகரிப்பும் தடை செய்யப்பட்டன. பதிவேடுகளில் உரிமை பெற்றிருந்த குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. ஆனால் பழைய பதிவேடுகளில் இடம்பெறாது, வழக்கத்தால் மட்டுமே காட்டைப் பயன்படுத்தி வந்தோரும் இருந்தனர். காளான் பருவத்தின் வருவாயை இழந்த குடும்பத்துக்கு, ஒருமுறை தரப்படும் தொகை ஆண்டுதோறும் கிடைத்து வந்த வருவாய்க்கு ஈடாகாது என்ற குறையும் எழுந்தது. அதே காலத்தில் பார்வதி நீர்மின் திட்டத்தின் பொருட்டு ஜீவா பள்ளத்தாக்கின் ஒரு பகுதி பூங்கா எல்லையிலிருந்து நீக்கப்பட்டது. தங்கள் கூடைக்குத் தடையிருக்க, பெருந்திட்டத்துக்கு வழிவிடப்பட்டதைக் கண்ட மக்கள் மனக்குறை கொண்டது இயல்பே.

இக்குறையை ஓரளவு நீக்கும் நோக்குடன், பூங்காவின் எல்லைக்கு வெளியே உள்ள சிற்றூர்களில் சூழல் மேம்பாட்டுப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. பெண்கள் சேமிப்பு, கடன் குழுக்களாக அமைக்கப்பட்டனர். மண்புழு உரம் தயாரித்தல், கைவினைப் பொருள்கள், மலையேறுவோர்க்கு வழிகாட்டியாகவும் சுமை தூக்குபவராகவும் பணியாற்றுதல் ஆகியவற்றின் மூலம் வருவாய் தேட வழி செய்யப்பட்டது. காட்டிலிருந்து கிடைத்த வருவாய் முழுவதற்கும் இவை ஈடாகிவிடவில்லை. ஆயினும் சட்டத்தால் மட்டும் காடு காக்கப்படாது, காட்டை அண்டி வாழ்வோரின் அடுப்பும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்னும் கருத்து இதனால் நடைமுறைக்கு வந்தது.

மக்களே முன்னின்று இத்தகைய பாதுகாப்பை மேற்கொண்டதற்கு நாட்டின் வடகிழக்கில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நாகாலாந்தின் மாநிலப் பறவையும் ஒரு டிராகோபனே. பிளைத் டிராகோபன் என்பது அதன் பெயர். அம்மாநிலத்தின் கொனோமா ஊர் மக்கள், வேட்டை மரபில் ஊறியவர்களாக இருந்தும், 1998-இல் தம் ஊர்க் காட்டில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தாமே சரணாலயமாக ஒதுக்கி வேட்டையைத் தடை செய்தனர். நிலமும் முடிவும் ஊராருடையவையாக இருந்தமையால் காவலும் அவர்களுடையதாயிற்று.

சராகனில் ஒரு முயற்சி

காட்டில் எண்ணிக்கை குறையும்போது, கூண்டில் பெருக்கிக் காட்டில் விடுவது ஒரு வழியாகும். சிம்லா மாவட்டத்தின் சராகனில், பீமாகாளி கோயிலுக்கு அண்மையில் உள்ள பெசன்ட் வளர்ப்பகத்தில் இமாசலப் பிரதேச வனத்துறை, மத்திய உயிர்க்காட்சிச்சாலை ஆணையத்தின் ஆதரவுடன் இம்முயற்சியை மேற்கொண்டுள்ளது.

கோழி வளர்ப்பைப் போன்று இது எளிதான பணியன்று. டிராகோபன் அச்சம் மிகுந்த பறவை. புதிய மனிதரைக் கண்டாலே கூண்டில் மோதிக் காயப்படுத்திக்கொள்ளும். எனவே கூண்டினுள் இயற்கைப் புதர்கள் வளர்க்கப்படுகின்றன. மறைவிடங்களும் உயர்ந்த கிளைகளும் அமைக்கப்படுகின்றன. இனப்பெருக்கப் பருவத்தில் பார்வையாளர் அனுமதிக்கப்படுவதில்லை. தொடக்கத்தில் கிடைத்த பறவைகள் மிகச் சிலவே ஆதலால், நெருங்கிய உறவுடையவை இணை சேர்வதைத் தவிர்க்க ஒவ்வொரு பறவையின் மரபு வழியும் பதிவு செய்யப்பட வேண்டியுள்ளது. 2005-ஆம் ஆண்டு முதல் இங்குக் குஞ்சுகள் பொரித்து வளர்ந்து வருகின்றன. 2020-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும், அருகிலுள்ள தாரங்காட்டி வன உயிரினச் சரணாலயத்தில் சில பறவைகள் சோதனை முறையில் விடுவிக்கப்பட்டன.

கூண்டில் பிறந்த பறவை காட்டில் பகையை அறிந்து தப்பவும், பருவத்துக்கு ஏற்ப உணவு தேடவும், பனிக்காலத்தில் கீழிறங்கவும் கற்க வேண்டும். இம்முயற்சி நிறைவாக வெற்றி பெற்றாலும், அடிப்புதர் அழிந்த காட்டில் பறவையை விடுவதால் பயனில்லை. ஆகவே வளர்ப்பகம், காட்டுப் பாதுகாப்புக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகாது.

குரலைக் கொண்டு எண்ணுதல்

கண்ணில் படாத பறவையை எண்ணுவது எவ்வாறு? வசந்த காலக் குரலே இதற்கு வழிகாட்டுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் விடியுமுன் பயிற்சி பெற்றோர் குறித்த இடங்களில் சென்று அமர்கின்றனர். எத்திசையிலிருந்து, எவ்வளவு தொலைவிலிருந்து, எத்தனை ஆண் பறவைகள் குரல் எழுப்புகின்றன என்பது பதிவு செய்யப்படுகிறது. ஒரே இடங்களில் ஆண்டுதோறும் இவ்வாறு கணக்கிடுவதன் மூலம் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா என்பதை அறிய முடிகிறது. விலையுயர்ந்த கருவிகள் இதற்குத் தேவையில்லை. காட்டு வழிகளையும் பறவைக் குரல்களையும் இளமை முதல் அறிந்த ஊர் மக்களே இப்பணிக்கு ஏற்றவர்கள். காளான் தேடிச் சென்றவர் அதே பருவத்தில் ஊதியத்துடன் கணக்கெடுப்பாளராகவும் காவலராகவும் பணியாற்ற வாய்ப்பளிப்பது, இரு நாட்காட்டிகளுக்கும் இடையிலான மோதலைத் தணிக்கும் ஒரு வழியாகும்.

செய்யத்தக்கவை

மேற்கு டிராகோபனுக்குத் தேவைப்படுவது ஆண்டு முழுவதும் மனிதர் கால் படாத காடு அன்று. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான அமைதியும், வெட்டப்படாத அடிப்புதரும், குளிர்காலத்தில் கண்ணியற்ற சரிவுகளுமே அதன் முதன்மைத் தேவைகள். பூங்காவுக்கு வெளியே உள்ள காடுகளில், ஊராட்சிகளுடன் கலந்து பேசி, கூடுகட்டும் பகுதிகளை அப்பருவத்தில் மட்டும் விலக்கி, ஏனைய பகுதிகளில் சேகரிப்பை முறைப்படுத்தலாம். மந்தைகள் அக்காடுகளில் தங்காமல் கடந்து செல்ல வழித்தடங்களைக் குறிக்கலாம். ரிங்கால் மூங்கிலைச் சுழற்சி முறையில் வெட்டவும், ஊர்ப் பொதுநிலங்களில் வளர்க்கவும் ஊக்கமளிக்கலாம். குச்சீ காளானைச் சேகரிப்போர் இடைத்தரகரின்றி விற்கக் கூட்டுறவு அமைப்புகள் துணை நிற்குமாயின், குறைந்த அளவு சேகரித்தே கூடுதல் வருவாய் பெறவும் இயலும். புதிய சாலையையும் நீர்மின் திட்டத்தையும் வகுக்கும்போது, இக்காட்டுப் பட்டை மேலும் துண்டுபடாதவாறு தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

டிராகோபன் வாழும் காடே பியாஸ் ஆற்றின் கிளை ஓடைகளுக்கு நீர் தருகிறது. சரிவின் மண்ணைப் பிடித்து வைக்கிறது. கீழேயுள்ள வயல்களையும் ஆப்பிள் தோட்டங்களையும் காக்கிறது. அப்பறவை நிலைத்திருக்குமாயின் அக்காட்டின் அடிப்புதரும் மண்ணும் நீரும் நலமுடன் உள்ளன என்று கொள்ளலாம். வசந்த கால விடியலில் பதிவாகும் குரல்களின் எண்ணிக்கையும், அதே பள்ளத்தாக்கில் வாழும் குடும்பங்களின் வருவாயும் ஒருசேரக் குறையாது நிற்பதே இப்பகுதியில் மேற்கொள்ளப்படும் எந்தத் திட்டத்தின் வெற்றிக்கும் உரிய அளவுகோலாகும்.